சுண்ணாம்புக் கம்பம்: ஃபேரர் பார்க் வட்டாரத்தின் தொடக்கக் காலத் தடங்கள்

திருவிழா நாள்களில் சிராங்கூன் சாலைக்கு வரும் அன்பர்கள், அருள்மிகு ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்தின் இராசகோபுரத்தைத் தொலைவிலிருந்தே கண்டு கைகூப்புகின்றனர். கோபுரத்தை நோக்கி நிமிர்ந்த பார்வை, தாம் நிற்கும் நிலத்தின்பால் திரும்புவது அரிது. அந்நிலத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு. நம் முன்னோர் சிராங்கூன் சாலைப் பகுதியைச் "சுண்ணாம்புக் கம்பம்" என்று வழங்கினர். "கம்போங்" என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் "கம்பம்" ஆயிற்று. சுண்ணாம்பு சுடும் சிற்றூர் என்பதே அப்பெயரின் பொருள். இன்று அப்பெயர் எந்தத் தெருப்பலகையிலும் இல்லை.

அண்மை ஆண்டுகளில் மாணவர்களும் சுற்றுப்பயணிகளும் வழிகாட்டிகளுடன் இவ்வட்டாரத்தைச் சுற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 1989-ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் கேம்பல் சந்தில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. வண்ணம் பூசிய கடைவீடுகளும் பூக்கடைகளும் நகைக்கடைகளும் வருவோர் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும் அவை இந்நிலத்தின் வரலாற்றில் பிந்திய ஏடுகளே. அவற்றுக்கு முந்திய ஏட்டைப் படிக்க விரும்புவோர், தேக்காவில் தொடங்கி ஃபேரர் பார்க் திடல் வரை நிதானமாக நடந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அந்த நடையில், நகரம் பிறப்பதற்கு முன்பிருந்த எல்லைப்புறம் ஒன்று மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கும்.

நகரத்தின் விளிம்பு

1819-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்தார். அதே ஆண்டு மே மாதத்தில் அவர் மீண்டும் வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. வந்தவர் முதலில் கண்டது, வீடு கட்டச் செங்கல் இல்லாத ஊரை. ஆகவே தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை ஒன்றை அமைத்தார். சிங்கப்பூரில் தமிழரின் தொழில் வரலாறு இவ்வாறு செங்கல்லில்தான் தொடங்குகிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

திருக்கோயில் இல்லாத ஊரில் குடியிருப்பதை நம்மவர் விரும்பியதில்லை. நாராயண பிள்ளை கோயிலுக்கு நிலம் வேண்டினார். தெலுக் ஆயர் பகுதியில் முதலில் காட்டப்பட்ட இடத்தில் பூசைக்குரிய நன்னீர் கிடைக்கவில்லை. அதனால் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. இறுதியாக 1823-ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827-ஆம் ஆண்டில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் அமைந்த எளிய கோயில் அங்கே எழுந்தது. அதுவே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். நீர் இருக்கும் இடத்திலேயே கோயில் என்னும் இந்த நெறி, சிராங்கூன் சாலையின் வரலாற்றையும் விளங்க வைக்கும் திறவுகோலாகும்.

அக்காலத்து நகரம் சிங்கப்பூர் ஆற்றின் இரு கரைகளிலும் அடங்கியிருந்தது. 1822-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நகர அமைப்புத் திட்டம் சூலியா மக்களுக்கு ஆற்றின் மேற்பகுதியில் இடம் ஒதுக்கியது. சிராங்கூன் அத்திட்டத்தின் எல்லைக்கு அப்பால் கிடந்தது. சதுப்பு நிலத்தில் இரை தேடும் "ரங்கோங்" என்னும் பறவையின் பெயரிலிருந்தே சிராங்கூன் என்னும் பெயர் வந்தது என்பர். பெயரே அந்நாளைய நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. 1828-ஆம் ஆண்டு வெளியான வரைபடத்திலேயே சிராங்கூன் சாலை இடம்பெற்றிருந்தபோதிலும், அதன் இருமருங்கிலும் அன்று இருந்தவை நீரும் புல்லும் களிமண்ணுமே.

செங்கல்லும் சுண்ணாம்பும்

நகரத்தார்க்குப் பயன்படாத அக்களிமண் செங்கல் அறுப்போருக்குப் பொன்னாக விளங்கியது. 1820-களிலேயே சிராங்கூன் சாலையோரம் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் தோன்றின. கடலிலிருந்து எடுத்த பவளப்பாறையையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது தமிழகக் கடற்கரையில் வழிவழி வந்த தொழில். அத்தொழிலை அறிந்த கைகள் இங்கும் வந்து சேர்ந்தன.

அக்கைகளுள் ஒரு பகுதி, தன் விருப்பத்தால் வந்ததன்று. 1825-ஆம் ஆண்டில் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். 1873-ஆம் ஆண்டு வரை இத்தீவு நாடுகடத்தப்பட்டோரின் இருப்பிடமாக விளங்கியது. சாலை அமைத்தல், சதுப்பைத் தூர்த்தல், கல் உடைத்தல், செங்கல் அறுத்தல், தச்சு, கொல்லு என அவர்கள் செய்யாத வேலை இல்லை. சிராங்கூன் சாலையும் அவர்கள் உழைப்பில் உருவானதே. நன்னடத்தையுடையோர் மற்றக் கைதிகளுக்குக் காவலராகவும் நியமிக்கப்பட்டனர். தண்டனைக் காலம் முடிந்தபின் பலர் தாயகம் திரும்பாமல் இங்கேயே தங்கித் தொழில் செய்து குடும்பம் நடத்தினர். அவர்களுடைய பெயர்கள் கல்வெட்டில் இல்லை. அவர்கள் கட்டிய கல்லே நின்று சான்று கூறுகிறது.

நகர மையத்திலுள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அதற்கு எடுத்துக்காட்டு. 1856-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1862-ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பெற்ற அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் உட்சுவர்க்குப் பூசியது சென்னைச் சாந்து. மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கருப்பட்டி போன்ற பழுப்புச் சருக்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து அச்சாந்தை அரைத்தனர். பூசி உலர்ந்தபின் வழுவழுப்பான கற்களைக் கொண்டு பளபளக்கும் வரை தேய்த்தனர். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைக் கண்டவர்களுக்கு இச்செய்முறை புதிதன்று. நம் ஊர்க் கொத்தனாரின் அறிவு கடல் கடந்து வந்து, வேற்றுச் சமயத்தாரின் வழிபாட்டிடத்துக்கும் மெருகூட்டியது.

சிராங்கூன் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் தெருக்களினூடே சென்றால் கம்போங் கப்போர் என்னும் பெயரைக் காணலாம். "கப்போர்" என்றால் மலாய் மொழியில் சுண்ணாம்பு. தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றதையே மலாய் மக்கள் கம்போங் கப்போர் என்றனர். இருமொழியாரும் ஒரே தொழிலை ஒரே இடத்தில் கண்டு ஒரே பெயரிட்டனர். தமிழ்ப் பெயர் மறைந்தது. மலாய்ப் பெயர் அங்குள்ள தெருவிலும் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பெயரிலும் நிலைத்தது. அரசாங்கச் செங்கற்சூளைகள் 1860-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. சூளைகளின் புகை அடங்கி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அப்புகையின் கதையை ஒரு தெருவின் பெயர் காத்துவருகிறது.

எருமைத் தொழுவம்

நடையின் தொடக்கமான தேக்காவுக்கும் பழைய பெயர் ஒன்று உண்டு: கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். ரோச்சோர் நீரோட்டமும் அதன் கரையில் செழித்த புல்லும் கால்நடை வளர்ப்புக்கு ஏற்றவையாக இருந்தன. சந்தைக்கு அருகே செல்லும் பஃபலோ சாலையும், அதை அடுத்த கெர்பாவ் சாலையும், மேலும் வடக்கேயுள்ள லெம்பு சாலையும் எருமையையும் மாட்டையும் நினைவூட்டுகின்றன. பெலிலியோஸ் சாலை, கொல்கத்தாவிலிருந்து வந்து இங்கே கால்நடை வணிகம் நடத்திய யூதர் ஐசக் ரஃபேல் பெலிலியோஸின் பெயரைத் தாங்கியது. டெஸ்கர் சாலை ஓர் இறைச்சி வணிகரின் பெயரைத் தாங்கியது. கால்நடை வணிகம் ஒருவரோடு நில்லாமல் ஓர் ஊரையே உருவாக்கியது என்பதற்கு இத்தெருப்பெயர்களே சாட்சி.

அந்நாளில் மாடு இல்லாமல் நகரம் இயங்கவில்லை. பாரம் சுமந்தது மாட்டு வண்டி. குடிநீர் சுமந்ததும் மாட்டு வண்டியே. சைனாடவுனில் உள்ள கிரேத்தா ஆயர் என்னும் பெயர் அத்தண்ணீர் வண்டியைக் குறிப்பதாகும். பாற்காரர், வண்டிக்காரர், மாடு மேய்ப்போர், புல் அறுப்போர் எனத் தமிழகத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் தொழுவங்களைச் சுற்றிக் குடியமர்ந்தனர். அவர்களுக்கு அரிசியும் மிளகாயும் வெற்றிலையும் விற்கக் கடைகள் வந்தன. இன்று நாம் லிட்டில் இந்தியா என்று அழைக்கும் கடைத்தெருவுக்கு வித்திட்டவை அத்தொழுவங்களே. இருபதாம் நூற்றாண்டில் சதுப்பு நிலங்கள் தூர்க்கப்பட்டு, நகராட்சியின் சுகாதார விதிகளும் இறுகியபோது, தொழுவங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

பெயர் மட்டும் வேறொரு வடிவில் வாழ்ந்தது. 1924-ஆம் ஆண்டில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலக சாதனை நூலில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. இன்று கேகே என்னும் இரண்டெழுத்தில் அதே பெயர் தொடர்கிறது. இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலரும் அவ்வெருமைத் தொழுவத்தின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் சுமந்தவர்களே.

குளக்கரைக் கோயில்கள்

செங்கல்லுக்கும் நீர் வேண்டும்; எருமைக்கும் நீர் வேண்டும்; இறைவனின் திருமஞ்சனத்துக்கும் நீர் வேண்டும். எனவே சூளையும் தொழுவமும் அமைந்த அதே நிலத்தில் கோயில்களும் எழுந்தன.

1830-ஆம் ஆண்டளவில், சிராங்கூன் சாலையின் வடபகுதியில் குளக்கரையில் நின்ற ஆலமரத்தடியில் பெண்மணி ஒருவர் அம்மனின் திருவுருவப் படத்தை வைத்து வழிபட்டார் என்பது ஸ்ரீ வடபத்திர காளியம்மன் ஆலயத்தின் மரபு வரலாறு. "வடம்" என்பது ஆலமரம். "பத்திரம்" என்பது இலை. மரத்தடி வழிபாடு கோயிலாக வளர்ந்தபோதும் அம்மரத்தைக் கோயிலின் பெயர் மறக்கவில்லை. அப்பெண்மணியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை எனினும், இவ்வட்டாரத்தின் முதல் வழிபாட்டிடங்களுள் ஒன்று பெண்ணொருவரின் கையால் தொடங்கியது என்பது பெருமைக்குரியது.

பெலிலியோஸ் சாலைச் சந்திப்பில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்துக்கு முற்காலத்தில் "சுண்ணாம்புக் கம்பக் கோயில்" என்றே பெயர். காளி வழிபாட்டில் ஊறிய வங்காளத் தொழிலாளர் 1881-ஆம் ஆண்டில் அதனைக் கட்டியதாகக் கூறுவர். சூளைத் தொழிலாளரும் தொழுவத்தாரும் அவ்வம்மனை நாடினர். இரண்டாம் உலகப் போரில் சப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அக்கம்பக்கத்தார் அடைக்கலம் புகுந்ததும் அக்கோயிலிலேயே.

ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்தின் தொடக்கம் நிலப் பத்திரம் ஒன்றில் இருக்கிறது. 1851-ஆம் ஆண்டில் அருணாசலம் பிள்ளை, கூட்டப்பெருமாள் பிள்ளை, இராமசாமி பிள்ளை, அப்பாசாமி பிள்ளை, சின்னத்தம்பி பிள்ளை, இராமசாமி ஜமேதார் ஆகியோர் முன்னின்று, கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணா கொடுத்து இந்நிலத்தைப் பெற்றனர். 1855-ஆம் ஆண்டில் கோயில் அமைந்தது. அன்று மூலவர் நரசிம்மப் பெருமாள். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள் இருந்தன. பக்தர்கள் குளத்தில் நீராடித் தரிசனம் செய்தனர். அக்குளம் பின்னாளில் தூர்க்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டுக் குடமுழுக்கின்போது ஆலயம் ஸ்ரீநிவாசப் பெருமாளின் திருநாமம் பெற்றது. 1905-ஆம் ஆண்டில் இளைஞராக இந்நாட்டுக்கு வந்து, சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வேலை செய்து, பின் பெருவணிகராக உயர்ந்த பி. கோவிந்தசாமி பிள்ளை அவர்களின் கொடையால் 1970-களில் இராசகோபுரம் எழுந்தது. 1978-ஆம் ஆண்டில் ஆலயம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

திடலின் கதை

ஆலயத்தின் பின்புறம் ரேஸ் கோர்ஸ் சாலை. அதற்கு அப்பால் விரிந்த சதுப்புநிலத்தைச் சீர்செய்து ஐரோப்பிய வணிகர் குதிரைப் பந்தயத் திடலாக்கினர். அதற்கான சங்கம் 1842-ஆம் ஆண்டில் தோன்றியது. முதற்பந்தயம் 1843-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் நடந்தது. குதிரைகளைப் பேணும் தொழிலில் இந்தியரும் பாவியான் தீவினரும் ஈடுபட்டனர். 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் சிங்கப்பூர் வானில் முதல் விமானம் எழும்பியதும் இத்திடலிலிருந்துதான். ஓட்டியவர் பெல்ஜிய நாட்டவரான ஜோசப் கிறிஸ்தியன்ஸ். 1933-ஆம் ஆண்டில் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. நகராட்சி ஆணையர் குழுவின் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் திடலுக்கு நிலைத்தது.

அத்திடல் 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் கண்ட காட்சி மறக்கவொண்ணாதது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே திரட்டப்பட்டுச் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கே விடுக்கப்பட்ட அழைப்பே இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கமாயிற்று. நூறு ஆண்டுகளுக்கு முன் விலங்கு பூண்டு இந்தியர் செங்கல் சுமந்த எல்லைப்புறத்தில், விலங்கொடிக்கும் உறுதிமொழியும் பிறந்தது.

நிலைத்தவையும் மறைந்தவையும்

இந்நடையை முடித்து ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தருகே நிற்பவருக்கு ஒன்று விளங்கும். இவ்வட்டாரத்தை உருவாக்கிய தொழில்கள் யாவும் மறைந்துவிட்டன. சூளை இல்லை, காளவாய் இல்லை, தொழுவம் இல்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சியில் ஓடிய இறுதிப் பந்தயத்தோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமும் முடிவுக்கு வந்தது. பழைய திடலின் பகுதியில் வீடமைப்புத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. எஞ்சி நிற்பவை இரண்டே: பெயர்களும் கோயில்களும்.

கோயில்கள் நின்றதற்குக் காரணம் பக்தி மட்டுமன்று. அக்காலத்தவர் கூலியும் சிறுவணிக வருவாயும் கொண்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் ஒன்றுகூடி, பொருள் சேர்த்து, நிலத்தைப் பத்திரம் எழுதிப் பெற்றனர். சூளைக்காரருக்கு நிலம் அரசாங்கத்துடையது. அரசாங்கம் மூடென்றால் மூட வேண்டும். இறைவன் பேரில் வாங்கிய நிலமோ கைமாறவில்லை. 26 ரூபாய் 8 அணா என்பது இன்று சிறு தொகையாகத் தோன்றலாம். அந்தச் சிறு தொகை, சிராங்கூன் சாலையில் ஒரு சமூகத்துக்கு நிரந்தர முகவரியைப் பெற்றுத் தந்தது.

பெயர்களின் நிலை அவ்வாறன்று. பெயருக்குப் பத்திரம் இல்லை. நாவே அதற்குப் பத்திரம். கம்போங் கப்போர் என்னும் பெயர் பலகையில் ஏறியதால் பிழைத்தது. சுண்ணாம்புக் கம்பம் என்னும் தமிழ்ப் பெயர் முதியோர் நாவில் மட்டும் இருந்ததால், அவர்களோடு தேய்ந்துவருகிறது. அதை மீட்கப் பொருட்செலவு வேண்டியதில்லை. வீட்டில் பெரியோர் பிள்ளைகளிடம் ஒருமுறை சொன்னால் போதும்.

அதற்கு ஏற்ற நாள்களும் நம்மிடம் உள்ளன. தைப்பூசத்தன்று காவடியும் பால்குடமும் ஏந்திய பக்தர்கள் பெருமாள் ஆலயத்தில் புறப்பட்டு, டேங்க் சாலையில் நகரத்தார் 1859-ஆம் ஆண்டில் அமைத்த தண்டாயுதபாணி ஆலயம் வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடக்கின்றனர். தீமிதித் திருநாளில் பெருமாள் ஆலயத்திலிருந்தே பக்தர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் ஆலயத்துக்குப் பாதயாத்திரை செல்கின்றனர். நாராயண பிள்ளை நன்னீர் தேடிக் கண்ட இடத்தையும், ஆறு பேர் முன்னின்று வாங்கிய நிலத்தையும் அவர்களுடைய பாதங்கள் ஆண்டுதோறும் இணைக்கின்றன.

அடுத்த முறை அவ்வழியே நடக்கும் பெற்றோர், உடன்வரும் பிள்ளைகளுக்குத் தம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக் கம்பம் என்று சொல்வார்களாக. பெயரில்லாமல் மறைந்த அந்தச் சூளைத் தொழிலாளர்க்கும், குளக்கரையில் படம் வைத்து விளக்கேற்றிய அந்த அன்னைக்கும் நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.